பிறரை எடைபோடும் மனம்

அறுபத்து மூவருள் ஒருவரான திருநாளைப்போவார் நாயனார் ஆதனூரிலே பிறந்தவர். தில்லையைத் தரிசிக்க வேண்டும் என்ற ஆசை மேலிட்டும், தம் குலத்தாருக்கு அங்கே இடமில்லை என்பதை எண்ணித் தயங்கி, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாட்களைக் கழித்தார். அதுவே அவருக்குப் பெயராயிற்று எனச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே கூறுகின்றார். அந்தச் சொல்லை மட்டும் வழிப்போக்கர் ஒருவர் கேட்டிருந்தால், எதையும் தள்ளிப்போடும் சோம்பேறி இவன் என்றல்லவா முடிவு செய்திருப்பார்! கதவை அடைத்தவர்கள் அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

பிறர் செய்யும் காரியத்துக்கு அவரது குணத்தையே காரணமாகக் கண்டு, அவர் நிற்கும் சூழ்நிலையைக் காணாமல் விடுவது மனித மனத்தின் பொதுத் தவறு என்பர் உளவியலாளர். அமெரிக்க உளவியலாளர் லீ ரொஸ் 1977 இல் இதனை அடிப்படையான பிழை என்றே பெயரிட்டு அழைத்தார். தனக்கு ஒரு காரியம் தவறினால் மழை, பஸ், காய்ச்சல் என்று காரணம் சொல்பவர், அடுத்த வீட்டுக்காரருக்குத் தவறினால் அவர் புத்தியே அப்படித்தான் என்கிறார்.

வலப்பனைப் பகுதித் தோட்டங்களில் இதனை விளக்கப் பெரிய நூல் தேவையில்லை. குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர் விழுகின்றது. உடனே, "அவளுக்குக் கையில் வேகம் இல்லை" என்று பேச்சு எழுகின்றது. அவளுக்குக் கிடைத்த நிரை வெயிலில் காய்ந்ததா, மரம் வயது போனதா, இரவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சலா என்பதைத் தராசு சொல்லாது.

ஒருவர் மீதான இத்தகைய முடிவு ஒரு கூட்டத்தார் அனைவர் மீதும் ஒட்டப்படும்போது அது முத்திரையாகி விடுகின்றது. 1922 இல் வோல்டர் லிப்மன் என்ற எழுத்தாளர் இதற்கு அச்சுக்கூடத்துச் சொல் ஒன்றையே எடுத்தாண்டார். ஒருமுறை வார்த்த தகட்டில் எத்தனை பிரதி அடித்தாலும் ஒரே உருத்தானே வரும்.

மலையக மக்கள் மீது வார்க்கப்பட்ட தகடுகள் பல. வேலைக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறித்த 'கூலி' என்ற சொல் வேலை செய்பவருக்கே பெயராயிற்று. 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்பன பின்னர் வந்தவை. இவற்றைச் சொன்னவர்களிலே தமிழரும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்து, 150,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என விட்டது. அங்கே பேசப்பட்டது எண்ணிக்கை, ஆள் அல்ல. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது இன்னொரு தகடு. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்றிருந்த பள்ளிக்கூடங்களை, 1977 முதல் படிப்படியாகவே அரசாங்கம் பொறுப்பேற்றது. அதற்கு முன் ஏறாதது படிப்பா, ஏணியே இல்லையா? கலிபோர்னியாப் பள்ளி ஒன்றில் ரொசென்தால், ஜேக்கப்சன் ஆகியோர் செய்த ஆய்வு 1968 இல் நூலாயிற்று. குருட்டாம்போக்கில் தெரிந்த சில பிள்ளைகளை, இவர்கள் இவ்வருடம் நன்கு முன்னேறுவர் என ஆசிரியர்களிடம் கூறிவைத்தனர். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாக முன்னேறினர். இந்த விளைவு அவ்வளவு பெரிதல்ல என்று பின்வந்தோர் வாதிட்டாலும், ஆசிரியரின் எண்ணம் பிள்ளையைத் தொடுகிறது என்பதை முற்றாக மறுத்தாரில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதால் மட்டும் முத்திரைகள் அழியா. சமமாக நின்று ஒரே நோக்கத்துக்காக உழைக்க வேண்டும் என 1954 இல் கோர்டன் ஓல்போர்ட் எழுதினார். தேர்வடம் பிடிக்கையில் கணக்கப்பிள்ளையும் வாசற்கூட்டியும் ஒரே கயிற்றில் நிற்பது அத்தகையதே. ஆனால் மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் அவரவர் இடம் அவரவர்க்கு.

முத்திரை குத்தும் வழக்கம் லயத்துக்குள்ளும் உண்டு. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் கூரைத் தகரம் மாறியது. தம்பியின் படிப்புச் செலவு நடந்தது. கோயில் உபயகாரர் பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறியது. ஆனால் கலியாணப் பேச்சு வரும்போது, "வெளிநாடு போய் வந்த பிள்ளையா?" என்ற ஒரே கேள்வியோடு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து விடுகின்றனர். அவள் அங்கே எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை மாதச் சம்பளம் கிடைக்காமல் நின்றது என்று கேட்பாரில்லை.