அப்பாவுக்கு ரத்தம் ஏற்றும் காலத்தில்

எழுபது வயதுக்காரர் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 7. "வயசாயிடுச்சு, ரத்தம் கம்மி" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். சத்து மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் ஏறாதபோதுதான் மஜ்ஜைப் பரிசோதனை வரை போவார்கள். அப்போது தெரியவரும் நோய்களில் ஒன்று எம்.டி.எஸ். எனப்படும் மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பழுதோடு பிறக்கின்றன. பல வெளியே வருமுன்பே மடிந்துவிடுகின்றன. சிவப்பணு குறைந்தால் களைப்பு, வெள்ளணு குறைந்தால் தொற்று, பிளேட்லெட் குறைந்தால் ரத்தக் கசிவு. சிலருக்கு இது கடும் ரத்தப் புற்றுநோயாகவும் மாறும்.

இந்த நோயாளிகளின் பிள்ளைகள் அலட்சியத்தில் செய்யும் தவறு குறைவு. பாசத்தில் செய்வதுதான் அதிகம். ஆகவே கூடாதவற்றை முதலில் சொல்கிறேன்.

செய்யக்கூடாதவை

இரும்புச்சத்து டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த ரத்தசோகை பெரும்பாலும் இரும்பு இல்லாமல் வருவதில்லை; இருக்கிற இரும்பை மஜ்ஜையால் பயன்படுத்த முடியாமல் வருவது. தவிர, ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் தானாகக் கழிந்தால் உண்டு. மிச்சமெல்லாம் கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. அதைக் குறைக்கவே சிலருக்கு டெஃபராசிராக்ஸ் மாத்திரை எழுதுகிறார்கள். ஒரு கையால் இரும்பைக் கொடுத்து மறு கையால் எடுக்கும் வேலை வேண்டாம். மாதுளையும் பேரீச்சையும் பிடித்தால் சாப்பிடட்டும். அவற்றால் கவுன்ட் ஏறும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பப்பாளி இலைச்சாறும் அப்படித்தான். டெங்குக்குக் கேட்டதை இங்கே கொண்டுவராதீர்கள்.

உடம்பு வலி, காய்ச்சல் என்றதும் தெருமுனை கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டுடுங்க" என்று நிற்காதீர்கள். பிளேட்லெட் குறைந்தவருக்கு இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தக்கட்டை உண்டாக்கும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை மிச்சமிருக்கும் பிளேட்லெட்டையும் சரியாக வேலை செய்யவிடாது. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

காய்ச்சலைப் பாரசிட்டமால் கொடுத்து மறைக்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். வெள்ளணு குறைந்திருக்கும்போது தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் அது அவசரநிலை. இரவு இரண்டு மணியானாலும் சிகிச்சை தரும் மருத்துவமனைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் தொற்று ரத்தத்தில் பரவிவிடலாம்.

நோயை அவரிடமிருந்து ஒளிக்காதீர்கள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று வராந்தாவில் கெஞ்சுவது நம் ஊர் வழக்கம். மாதம் இரண்டு முறை ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்குச் சாதாரணச் சோகை இல்லை என்பது தெரியாதா என்ன? தெரியும். நாம் நடிப்பதால் அவரும் நடிக்கிறார். பயத்தைத் தனியாகச் சுமக்கிறார். "எல்லா விவரமும் நீங்களே கேட்டுக்கறீங்களா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பதில் எதுவானாலும் அதன்படி நடங்கள்.

இரண்டாவது சுற்றோடு மருந்தை நிறுத்தாதீர்கள். தீவிரம் கூடிய எம்.டி.எஸ்.ஸுக்கு அசாசிடிடின் ஊசியை வழக்கமாக 28 நாளுக்கு ஒருமுறை, ஏழு நாள் போடுவார்கள். முதல் இரண்டு சுற்றில் கவுன்ட் இன்னும் இறங்கும். ரத்தம் ஏற்றுவதும் கூடும். "ஊசி போட்டதும்தான் மோசமாச்சு" என்று குடும்பங்கள் பின்வாங்குவது இந்தக் கட்டத்தில்தான். பலன் உண்டா இல்லையா என்று சொல்ல நான்கு முதல் ஆறு சுற்று வேண்டும். ஆனால் தொந்தரவு தாங்க முடியவில்லை, போதும் என்று அவரே சொன்னால் அது வேறு. அதை மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர் வாயை அடைக்கக்கூடாது.

செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, ஹீமோகுளோபின், வெள்ளணு, பிளேட்லெட், எத்தனை யூனிட் ஏற்றினார்கள், ஏற்றும்போது குளிர் நடுக்கமோ அரிப்போ வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இரும்பைக் குறைக்கும் மருந்தை எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்க இதுவரை ஏற்றிய யூனிட் கணக்கு உதவும். அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போனாலும் கையில் விவரம் இருக்கும்.

ரத்தம் ஏறும்போது பக்கத்தில் இருங்கள். மூச்சுத் திணறல், முதுகுவலி, நடுக்கம் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வயதான இதயத்துக்குக் கூடுதல் திரவம் பாரம். வீட்டுக்கு வந்தபிறகு அன்றிரவு படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலும் விடக்கூடாது.

வீட்டில் மென்மையான டூத்பிரஷ், சவரத்துக்கு எலெக்ட்ரிக் ஷேவர். வேப்பங்குச்சியும் சலூன் கத்தியும் ஓய்வெடுக்கட்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கினால் ரத்தம் வரலாம். சமைத்த உணவைச் சூடாகக் கொடுங்கள். வெட்டி வைத்த பழம், வெளிச் சட்னி வேண்டாம். சளி பிடித்தவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஏந்தி வந்தாலும் வாசலோடு நன்றி சொல்லி அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

வேலையைப் பங்கு போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு மகளோ மருமகளோ எல்லாவற்றையும் சுமக்க, கடல் தாண்டி இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் புதுப்புது மருந்தின் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். அவரிடம் மாதச் செலவையும் காப்பீட்டு வேலையையும் ஒப்படையுங்கள். அறிவுரை தானாகக் குறையும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேளுங்கள்.

கடைசியாக, ரத்தம் கொடுப்பது. "என் ரத்தத்தையே எங்கப்பாவுக்கு ஏத்துங்க" என்று சட்டைக் கையை மடிக்கும் மகன்கள் உண்டு. நெருங்கிய சொந்தத்தின் ரத்தம் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. மகனின் வெள்ளணுக்களை அப்பாவின் உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவையோ உள்ளே பெருகி அவர் உடம்பையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் என்றால்தான் அந்த ஆபத்து நீங்கும். மஜ்ஜை மாற்றும் யோசனை இருந்தால் குடும்பத்தார் ரத்தம் இன்னும் கூடாது.

ஆனால் அந்தக் கையை மடித்தபடியே ரத்த வங்கிக்குப் போகலாம். பதினெட்டு வயது நிரம்பிய, உடல்நலமுள்ள ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பண்டிகை வாரத்தில் கொடுப்பவர் குறைவார்கள். அந்த வாரமாகப் பார்த்துப் போங்கள், அண்ணன் தம்பி மாமன் மச்சானையும் கூட்டிக்கொண்டு.