ஜபமாலையும் ஃபார் லூப்பும்

பைத்தான் படிக்க ஆரம்பித்த பலரும் சொல்வது இது: “புரோகிராம் ஓடுது, ஆனா நான் எழுதினது அடுத்த வாரம் எனக்கே புரியல.” நம்ம வடகிழக்கு ரயில் பாதையை வைத்தே அதற்கு மூன்று பழக்கங்களைப் பார்ப்போம். கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

1. எண்ணாதீர்கள், உருட்டுங்கள்

நிலையங்கள் என்ற பட்டியலில் ஹார்பர்ஃபிரன்ட், ஊட்ரம் பார்க், சைனாடவுன், கிளார்க் கீ, டோபி காட், லிட்டில் இந்தியா. அச்சிட வழக்கமாக எழுதுவது:

ஃபார் ஐ இன் ரேஞ்ச்(லென்(நிலையங்கள்)):
    பிரின்ட்(நிலையங்கள்[ஐ])

ஜபமாலையில் எத்தனையாவது மணி என்று யார் எண்ணுகிறார்கள்? விரல் மணிக்கு மணி நகரும். மேரு மணி வந்தால் சுற்று முடிந்தது. பைத்தானும் அப்படித்தான்:

ஃபார் நிலையம் இன் நிலையங்கள்:
    பிரின்ட்(நிலையம்)

2. ‘ஆர்’ வேண்டாம், ‘இன்’ போதும்

இஃப் இடம் == "டோபி காட்" ஆர் "லிட்டில் இந்தியா":

இடம் ஈசூன் என்றாலும் இது ‘ஆம்’ என்றே சொல்லும்! ‘ஆர்’ பக்கத்தில் தனியாக நிற்கும் பெயர் காலியாக இல்லாத சரம்; பைத்தானுக்கு அது எப்போதும் உண்மை. எர்ரரும் வராது, அதுதான் ஆபத்து. சரியானது:

இஃப் இடம் இன் ("டோபி காட்", "லிட்டில் இந்தியா"):

3. சுருக்கம் மட்டும் போதாது

வரிசை எண் வேண்டுமென்றால் எனுமரேட்(நிலையங்கள், 1) என்று அழகாக எழுதலாம். டோபி காட்டுக்கு 5 வரும். ஆனால் நிலையப் பலகையில் இருப்பது என்இ6! காரணம், என்இ1-க்கு அடுத்து என்இ3. என்இ2 என்று நிலையமே இல்லை. இங்கே எண் என்பது வரிசை இல்லை, பெயரோடு ஒட்டிய தகவல். அதற்கு டிக்‌ஷனரிதான் பொருத்தம்:

ஃபார் நிலையம், குறியீடு இன் குறியீடுகள்.ஐட்டம்ஸ்():
    பிரின்ட்(நிலையம், குறியீடு)

ஆக, குறைந்த வரிகள் நம் குறிக்கோள் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும் வரிகள்தான் வேண்டும். ‘இம்போர்ட் திஸ்’ என்று தட்டிப் பாருங்கள். டிம் பீட்டர்ஸ் எழுதிய பைத்தான் நெறிகள் திரையில் வரும்.

பயிற்சி: டோபி காட்டுக்கு என்எஸ்24, என்இ6, சிசி1 என மூன்று குறியீடுகள். லிட்டில் இந்தியாவுக்கு என்இ7, டிடி12. கிளார்க் கீக்கு என்இ5 மட்டும். பாதை மாறக்கூடிய நிலையங்களை மட்டும் அச்சிடுங்கள். ‘ரேஞ்ச்’ தொடக்கூடாது!