முதலில் உடம்பு எழுந்திருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். முந்தாநாள் உன் அம்மா போன் பண்ணி அழுதாள். மூன்று மாதமாக நீ அறையை விட்டு வருவதில்லை, தலைகூட வாரிக்கொள்வதில்லை என்றாள். பெரம்பலூரில் மனநல மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்கியதையும் சொன்னாள். "டிப்ரஷன்னு சொல்றாங்க. எங்களோட உக்காந்து வெங்காயத்துக்குத் தாள் அறுத்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்று அவளே வைத்தியமும் சொல்லிவிட்டாள். உன்னிடம் போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இதை நீ தனியாகப் படி.

நான் 1988இல் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தபோது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001இல் அரியலூரைப் பிரித்தார்கள், மறுவருஷமே சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். பதிவேட்டில் மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. தோள்பையோடு ஊர் ஊராகப் போன என் நடை மட்டும் நிற்கவில்லை. 2021இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் மாமா இறந்துபோனார். அதன்பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உங்கள் யாருக்கும் சொன்னதில்லை. விடியுமுன் விழிப்பு வந்துவிடும், ஆனால் எழ முடியாது. சோறு மண்ணாக இருந்தது. பேரன் பேத்தி வந்தால்கூட எப்போது கிளம்புவார்கள் என்றிருந்தது. முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர், "வயசாச்சும்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பினார். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவளுக்குத் தனக்கு வந்திருப்பது நோய் என்று புரிய ஏழு மாதம் பிடித்தது.

பிறகு பார்த்த மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து, "தினமும் கொஞ்சம் உடம்பை அசைங்க" என்றார். மனசு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் செய்கிறேன் என்று நினைத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன் பாப்பா. இந்த நோயில் மனசு தானாகத் தேறி உன்னை எழுப்பாது. உடம்பு முன்னால் போக வேண்டும், மனசு பின்னாலேயே மெதுவாக வரும்.

ஒரு நாள் காலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி சில்லென்று இருந்தது. அதைப் பிடித்தபடியே உட்கார்ந்து எழுந்தேன். ஏழு எண்ணுவதற்குள் மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றைக்குக் காப்பி காப்பியாக இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் '7' என்று எழுதி வைத்தேன். மறுநாளும் 7தான். இருபதைத் தொட ஒன்றரை மாதம் ஆனது.

வீட்டுக்குள் செய்தால் பலன் இருக்குமா என்று நீ கேட்பாய். வாக்கிங் போ என்று சொல்வது எளிது. இங்கே அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் ஓடுகிற ரோட்டில் நான் எங்கே நடப்பது? உன் ஊரிலோ, நீ தெருமுனை தாண்டுவதற்குள் நாலு பேர் "எங்க கிளம்பிட்டே? வேலை என்னாச்சு?" என்பார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் என்பவர், ஆள் துணை இல்லாமல் வீட்டிலிருந்தே செய்யும் உடற்பயிற்சி பலன் தருமா என்பதையும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டிருக்கிறார். மனச்சோர்வு நோய் உள்ள 202 பேர், நான்கு மாதம். நோய் விலகியவர்கள், பயிற்சியாளர் முன்னால் கூட்டாக உடற்பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 45 பேர். வீட்டில் தனியாகச் செய்தவர்களில் 40. மாத்திரை சாப்பிட்டவர்களில் 47. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 31 பேருக்கு விலகியது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் உன்னை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் வீட்டில் தனியாகச் செய்தது பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை, பார்.

உன் வீட்டுக்குத் தகுந்தபடி சொல்கிறேன். முதல் வாரம் ஐந்து நிமிஷம் போதும். சுவரில் இரு கையும் ஊன்றிச் சாய்ந்து எழு. நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திரு. தோப்புக்கரணம் போடு. திண்ணைப் படியில் ஏறி இறங்கு. பழகியபிறகு விடிகாலையில் மொட்டை மாடிக்குப் போய், மூச்சு வாங்குகிற அளவுக்கு வேகமாக நட. வெயில் ஏறினால் உங்கள் ஊர் மாடியில் கால் வைக்க முடியாது. வாரம் மூன்று நாள், அரைமணி நேரம் என்ற கணக்குக்கு இரண்டு மாதத்தில் வந்தால் போதும். முடியாத நாளில் கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை மேலே தூக்கி இறக்கு. காலண்டர் தாளில் '0' விழாமல் பார்த்துக்கொள். விழுந்துவிட்டாலும் தாளைக் கிழித்து எறியாதே, அடுத்த தாளில் எழுது.

அம்மா சொல்கிற வெங்காய வேலை வேறு, இது வேறு. அதில் எத்தனை கூடை முடித்தாய் என்று அடுத்தவர் எண்ணுவார்கள். இதில் எண்ணுகிறவள் நீ. நாள் முழுக்கக் காட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்து, ராத்திரி தூங்காமல் அழுத பெண்களை என் பணிக்காலத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். உடம்பு அலுத்தால் மனசு தேறிவிடும் என்றால் அவர்களுக்கு நோயே வந்திருக்காது. இதை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே. அது பிடிக்கவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தத் தோன்றும். மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். தைராய்டும் ரத்த சோகையும் பார்த்தார்களா என்று கேள். அவையும் ஆளை இப்படிப் படுக்கவைக்கும்.

இன்னொன்றை நேராகவே கேட்கிறேன். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் வெட்கப்படாதே, எனக்கும் வந்தது. அந்த நேரத்தில் தோப்புக்கரணம் எல்லாம் வேண்டாம். 14416க்குப் போன் செய். அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். அடுத்த போன் எனக்கு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

சேமித்து வைத்த வெங்காயப் பட்டறையைப் பிரிக்கும்போது வெங்காயம் வாங்க வருவேன் இல்லையா, அப்போது உன் காலண்டர் தாள்களை எனக்குக் காட்டு. என்னுடையதையும் கொண்டு வருகிறேன். ஆரம்பத்தில் பத்து நாளைக்குத் தொடர்ந்து '7'தான் இருக்கும்.

அன்புடன்
அத்தை