முதுகெலும்பு: எலும்புகளுக்கு நடுவே இருப்பது என்ன?

மாணவர்களே, இந்த வாரம் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். காலையில் எழுந்ததும் சுவரோடு ஒட்டி நின்று, தலை உச்சிக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரவு படுக்கப் போகும் முன் அதே இடத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். இரவுக் கோடு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும். ஒரே பகலில் எலும்பு தேய்ந்துவிடாது. அப்படியானால் குறைந்தது எது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. பிறக்கும்போது அது 33 முள்ளெலும்புகளின் அடுக்கு. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ள 5 எலும்புகள் வளர வளர ஒன்றோடொன்று இணைந்து முக்கோண வடிவில் ஒரே எலும்பாகிவிடுகின்றன. கடைசி 4 சிறு எலும்புகள் சேர்ந்து வால் எலும்பு. படிவம் 4 உயிரியல் படிப்பவர்கள் இவற்றை செர்விக்கல், தொராசிக், லும்பார் என்று வரைந்து பெயர் குறித்திருப்பீர்கள். ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் 7 எலும்புகள்தாம் என்பதைத் தேர்வில் கேட்கமாட்டார்கள். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எலும்புகளுக்கு இடையில் 23 வட்டத் தட்டுகள் உள்ளன. இவற்றைத்தான் டிஸ்க் என்கிறோம். வெளிப்புறம் வளையம் வளையமாகச் சுற்றிய உறுதியான நார். நடுவில் இளநீர் வழுக்கை போன்ற கூழ். இளம் வயதில் அந்தக் கூழில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். பகலெல்லாம் நிற்பதாலும் நடப்பதாலும் உடல் எடை அழுத்த, நீர் சிறிது சிறிதாக வெளியேறும். இரவில் படுத்ததும் அது திரும்பவும் உறிஞ்சப்படும். சுவரில் நீங்கள் கண்ட வித்தியாசம் இதுதான்.

விண்வெளியில் இன்னும் வேடிக்கை. எடை அழுத்தம் இல்லாததால் விண்வெளி வீரர்களின் உயரம் 3 விழுக்காடு வரை கூடுவதுண்டு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். பூமிக்குத் திரும்பியதும் பழைய உயரத்துக்கே வந்துவிடுவார்கள். 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் ஓர் எலும்பியல் மருத்துவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

டிஸ்க்கைப் பற்றி இன்னொன்று. வளர்ந்தவர்களின் டிஸ்க்கினுள் இரத்தக் குழாய் ஓடுவதில்லை. அழுந்தி விரியும்போது ஊறி வரும் நீரோடுதான் அதற்கு ஊட்டச்சத்தும் சேர்கிறது. அதனால் அசைவுதான் அதற்குச் சாப்பாடு. “நிமிர்ந்து உட்கார்” என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நிமிர்ந்தபடியே இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவதைவிட, அரை மணிக்கொரு முறை எழுந்து நடப்பது மேல் என்பது என் கருத்து. கைபேசி பார்ப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்.

வெளி நாரில் பிளவு ஏற்பட்டு உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி வந்தால், பக்கத்தில் செல்லும் நரம்பை அது அழுத்தக்கூடும். வழக்கில் இதை ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்பார்கள். உண்மையில் தட்டு விலகுவதில்லை, பிதுங்குகிறது. கோளாறு இடுப்பில் இருக்க, வலி பிட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் போல இறங்கும். காலுக்குச் செல்லும் நரம்பு அங்கிருந்துதான் புறப்படுகிறது. பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை இன்றியே சில வாரங்களில் குணமாகிவிடும். ஆனால் கால் பலம் இழந்தாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் வயதுக்குரிய செய்தி. பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்பு எஸ் எழுத்தைப்போல வளைந்திருக்கும். அது இயல்பு, அதிர்ச்சியைத் தாங்க உதவுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் நேர்கோடாக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் 10 பாகைக்கு மேல் பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கியும் இருந்தால் அது ஸ்கோலியோசிஸ். நூறு பதின்ம வயதினரில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும். பெரும்பாலும் காரணம் தெரியாது. கனமான புத்தகப்பையால் தோள் வலிக்கும், முதுகு வலிக்கும். ஆனால் பையினால் ஸ்கோலியோசிஸ் வருவதாகச் சான்று இல்லை. ஆகவே, பிள்ளைக்கு வளைவு இருப்பது தெரிந்ததும் அவன் பையையோ அவள் உட்காரும் விதத்தையோ குறை சொல்லாதீர்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் வலி இருக்காது. உடல் வேகமாக உயரும் வயதில் வளைவும் வேகமாகக் கூடும். அக்காவோ தம்பியோ கால்களைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியட்டும். பின்னால் நின்று பாருங்கள். விலாவின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லி அருகிலுள்ள கிளினிக் கெசிஹாதானில் காட்டுங்கள். எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் எலும்பியல் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

வளர்ச்சி முடியுமுன் 25 பாகை முதல் 40 பாகை வரை உள்ள வளைவுக்கு இடுப்புக் கவசம் போன்ற ஒரு பிரேஸ் தருவார்கள். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகவில்லை. அணியாதவர்களில் அது 48 விழுக்காடு. அதிக நேரம் அணிந்தவர்களுக்கு அதிகப் பலன். பள்ளிச் சட்டைக்குள் புழுங்கும், நண்பர்கள் கேலி செய்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கேலி செய்யும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முள்ளெலும்புகளின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து ஒரு குழாயாகின்றன. அதற்குள் சுண்டு விரல் தடிமனில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளத்தில் இறங்குவது தண்டுவடம். அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. எலும்பு முறிந்தால் கூடிவிடும். தண்டுவடம் அறுந்தால் மீண்டும் இணைக்க இன்றுவரை வழியில்லை.

தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் முதுகெலும்பில் காயமடைந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. ஆனால் கைகள் நன்றாகவே இயங்கின. ஏன்? கைகளுக்குரிய நரம்புகள் கழுத்துப் பகுதியிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் பிரிந்துவிடுகின்றன; காயமோ அதற்கும் கீழே. அதனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவரால் அறுவைச் சிகிச்சை செய்ய முடிந்தது. பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் தலைமையில் வேலூரில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் இயங்கத் தொடங்கியது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே காயம் கழுத்தில் பட்டிருந்தால் கைகளும் போயிருக்கும். கழுத்தின் மேற்பகுதியானால் மூச்சு இழுக்கும் உதரவிதானமும் நின்றிருக்கும். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் அப்பாக்களும் அண்ணன்களும் நம் ஸ்கூடாய் வட்டாரத்தில் ஏராளம் என்பதால் இதைச் சொல்கிறேன். சாலையில் ஒருவர் விழுந்து கிடந்தால், கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதுதான் நம்மவர்களின் முதல் வேலை. எலும்பு முறிந்திருந்தால், அந்த ஓர் அசைவில் உடைந்த துண்டு தண்டுவடத்தைக் காயப்படுத்திவிடலாம். தீயோ, மோதவரும் வாகனமோ போன்ற ஆபத்து இல்லாவிட்டால் அவரை நகர்த்தாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். தலைக்கவசத்தைக் கழற்ற இழுக்காதீர்கள். 999 அழையுங்கள். தலையை இரு கைகளாலும் அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு, “அசையாதீங்க, ஆம்புலன்ஸ் வருது” என்று பேசிக்கொண்டே இருங்கள். மூச்சு நின்றுவிட்டதுபோல் தோன்றினால், அழைப்பில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்வார்.