ஒன்பதுக்கு அடுத்து பதினாறா?

கேள்வி: ஐயா, நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். நானே எழுதும் ஒரு குட்டி கெர்னலைப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் பென்டிரைவ் வழியாக ஓட்டிப் பார்க்கிறேன். மதர்போர்டு கடிகாரத்தைப் படித்து நேரம் காட்ட முயன்றேன். வினாடி 9 வரை ஒழுங்காகப் போகிறது. அடுத்து 16-க்குத் தாவுகிறது. 25-க்குப் பிறகு 32. கடைசியில் 89 வரை போய்ப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. நேற்றுக் காலை எட்டு மணி ஆகும் நேரத்தில் ஒரு கணம் 7:00:00 என்று காட்டிவிட்டு உடனே சரியாகிவிட்டது. கடிகாரம் ஐந்து நிமிடம் தாமதமாகவும் இருக்கிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா? என் புரோகிராமிலிருந்தே நேரத்தைத் திருத்துவது எப்படி?

பதில்: பேட்டரியைத் தொட வேண்டாம். அது தீர்ந்திருந்தால் கரண்டை நிறுத்திப் போடும்போதெல்லாம் தேதியே பழைய வருடத்துக்குப் போயிருக்கும். 9, 16, 25, 32, 89 என்று எண்களை அப்படியே குறித்து அனுப்பினீர்களே, அதனால்தான் மெஷினைப் பார்க்காமலே காரணம் சொல்ல முடிகிறது.

ஒரு பைட்டில் எட்டு பிட். அதை நாலு நாலாகப் பிரித்து, மேல் பாதியில் பத்தாமிடத்து இலக்கத்தையும் கீழ்ப் பாதியில் ஒன்றாமிடத்து இலக்கத்தையும் கடிகார சிப் வைத்துக்கொள்கிறது. பத்தாவது வினாடி என்றால் மேலே 1, கீழே 0. நீங்கள் அதைச் சாதாரண பைனரி எண்ணாக வாசிக்கிறீர்கள், 16 வருகிறது. 59-ல் மேலே 5, கீழே 9. ஐந்து பதினாறு எண்பது, அதோடு ஒன்பது, எண்பத்தொன்பது. உங்கள் 89 அதுதான். மேல் பாதியைப் பத்தால் பெருக்கிக் கீழ்ப் பாதியைக் கூட்டுங்கள், தாவல் நின்றுவிடும்.

1984-ல் ஐபிஎம் பிசி ஏடி மெஷினில் இந்தக் கடிகாரத்துக்காக மோட்டரோலாவின் எம்சி146818 என்ற சிப்பை வைத்தார்கள். உங்கள் டெஸ்க்டாப்பில் அது தனி சிப்பாக இருக்காது, சிப்செட்டுக்குள் போயிருக்கும். ஆனாலும் ஹெக்ஸ் 70-ம் போர்ட்டில் ரெஜிஸ்டர் எண்ணை எழுதி, 71-ல் மதிப்பை வாங்கும் அதே வழக்கத்துக்கு இன்றும் பதில் சொல்கிறது. எண் எந்த முறையில் இருக்கிறது என்பதை நீங்களாக ஊகிக்காதீர்கள். பி ரெஜிஸ்டரில் 2-ம் பிட் 1 என்றால் சாதாரண பைனரி, 0 என்றால் இந்த இலக்க முறை. 1-ம் பிட் 0 என்றால் பன்னிரண்டு மணிக் கணக்கு. அப்போது மணி ரெஜிஸ்டரின் உச்சி பிட் பிற்பகலைக் குறிக்கும், அதைக் கழற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். உங்கள் வசதிக்காக இந்த பிட்களை மாற்றிவிடாதீர்கள். அந்த மெஷினில் பயாஸும் இருக்கிறது, அதற்கும் இதே சிப்தான்.

இனி அந்த 7:00:00. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் முதல் தவறு கண்ணுக்குத் தெரியும், இது எப்போதாவதுதான் தெரியும். நீங்கள் மணியை முதலில் படிக்கிறீர்கள், சரிதானே? மணியைப் படித்தபோது 7:59:59. நிமிடத்துக்கு வருவதற்குள் சிப் எட்டு மணிக்குப் போய்விட்டது. பழைய மணியும் புது நிமிடமும் சேர்ந்து ஏழு மணி ஆகிவிட்டது. வினாடியை முதலில் படித்திருந்தால் 8:00:59 வந்திருக்கும். தவறு ஒரு நிமிடத்துக்குள் அடங்கியிருக்கும், ஆனால் போயிருக்காது. நாம் படிக்கிறோம் என்று கடிகாரம் நிற்பதில்லை.

இதற்கு சிப்பே ஒரு அடையாளம் தருகிறது. நேரத்தை மாற்றப்போகும் முன் ஏ ரெஜிஸ்டரின் 7-ம் பிட்டை 1 ஆக்கும். அந்த பிட் 0 என்று கண்டால் குறைந்தது 244 மைக்ரோ வினாடி உங்கள் கையில் இருக்கிறது. இன்டரப்ட்டுகளை நிறுத்திவிட்டுப் படித்தால் அதற்குள் ஆறு ரெஜிஸ்டரையும் முடித்துவிடலாம். நான் அதோடு விடமாட்டேன். இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்வேன்.

ஐந்து நிமிடத் தாமதம் பழுது அல்ல. கடிகாரத்தை ஓட்டும் கிரிஸ்டல் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 வினாடி போய்விடும். நெட் இல்லாமல் கிடக்கும் மெஷினில் ஆறு மாதத்தில் ஐந்து நிமிடம்.

திருத்துவதற்கு, பி ரெஜிஸ்டரின் 7-ம் பிட்டை 1 ஆக்குங்கள். அதன்பின் சிப் நேரத்தை மாற்றாது. புது மதிப்புகளை அதே இலக்க முறைக்கு மாற்றி எழுதுங்கள், பிறகு அந்த பிட்டை 0 ஆக்குங்கள். மற்ற பிட்கள் இருந்தபடியே இருக்கட்டும். முதலில் படித்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றி, திரும்ப எழுதுங்கள்.

எழுதும் முன் அந்த மெஷினில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். இது எந்த ஊர் நேரம் என்று சிப்புக்குத் தெரியாது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் பெரும்பாலும் யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே மெஷினில் போட்ட பலருக்கு நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுவது இதனால்தான். உங்கள் கெர்னலும் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும். எந்தப் பக்கம் என்பதை கோடின் மேலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சிப்பில் டிசம்பர் 31, 23:59:50 என்று எழுதிவிட்டுத் திரையைப் பாருங்கள். பத்தாவது வினாடியில் வருடம் முதல் வினாடி வரை ஆறும் ஒரே துடிப்பில் மாறும். ஒரு கணம்கூடப் பழையதும் புதியதும் கலந்து வரக்கூடாது. இருபது முறை பார்த்துவிட்டுச் சரியான நேரத்தைத் திரும்ப எழுதிவிடுங்கள், தம்பி. என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.