வீட்டு நாற்று, வீட்டுக்குச் சோறு
(மரக்கறித் தோட்டப் பாடம்)



தைப்பொங்கல் முடிந்து, பனி கொட்டும் மாதம் இது. காலையில் பிரட்டுக்குப் போகும்போது புல் நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கும். நுவரெலியாப் பக்கம் பள்ளத்து மலையில் கொழுந்து கருகுவதும் இந்த நாட்களில்தான். "இப்ப என்ன தோட்டம் போடுறது, மழை வரட்டும்" என்று சும்மா இருந்துவிடுகிறோம். மழை வந்ததும் டவுனுக்கு ஓடி, கேட்ட விலைக்கு நாற்று வாங்குகிறோம். நாற்று வேலை தொடங்க வேண்டியது மழை வரும்போது அல்ல, இப்போதுதான்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு லயத்து வீடுகளுக்கு நாங்களே வெளியிலிருந்து கோவா நாற்று வாங்கிக் கொடுத்தோம். பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருந்தது. நட்டு ஒரு மாதத்தில் வெயில் ஏறினால் செடி வாடும், பொழுது சாய்ந்தால் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் விரல் விரலாக வீங்கிக் கிடந்தது. அதுதான் வேர்வீக்க நோய். நாற்றின் வேரில் ஒட்டிய மண்ணோடு வந்தது. அந்த நோய் மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்கும். "கோவா போனா போகுது, மண்ணுமில்ல போச்சு" என்று ஒரு அம்மா சொன்னாங்க. அந்தச் சொல்லுக்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

1. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி, மழை ஈரத்தில் நடுவது நம் கணக்கு. மஸ்கெலியா, ஹற்றன் பக்கம் மே கடைசியில் பெருமழை பிடிக்குமுன் செடி வேர் ஊன்றிவிட வேண்டும். லீக்ஸ் நாற்றுக்கு மலைநாட்டில் 8 முதல் 10 கிழமை வேண்டும்; ஜனவரி கடைசியிலேயே விதையுங்கள். தக்காளிக்கும் கோவாவுக்கும் 4, 5 கிழமை போதும். மார்ச் முதல் கிழமையில் போடலாம். கரட், போஞ்சி, ராபு மூன்றுக்கும் நாற்று வேண்டாம். நேரே பாத்தியில் ஊன்றுங்கள்.

2. விதையைச் சோதியுங்கள்

போன வருடத்து விதை மிச்சமிருந்தால் 20 விதையை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, அடுப்படிப் பக்கம் வையுங்கள். துணி காயக்கூடாது. கோவா ஒரு கிழமைக்குள் முளைக்கும், லீக்ஸ் இரண்டு கிழமை எடுக்கும். 15க்கு மேல் முளைத்தால் நல்லது. பத்துக்கும் குறைந்தால் அந்த விதையை நம்பாதீர்கள். லீக்ஸ், வெங்காய விதை சீக்கிரம் உயிர் இழக்கும். சிவப்பு, நீலம் என்று சாயம் பூசிய விதையில் மருந்து இருக்கிறது. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். விதைத்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

3. மேடை

காலை வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். 3 அடி அகலம், 6 அடி நீளம், அரை அடி உயரம் போதும். கோவா, நோக்கோல், ராபு முன்பு இருந்த இடம் வேண்டாம். சரிவு நிலமென்றால் மேடை குறுக்கே இருக்க வேண்டும். மேலிருந்து கீழே போட்டால் ஒரு மழையில் மண் கானுக்குப் போய்விடும்.

நம் மண் தேயிலை மண். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும், மரக்கறி விரும்பாது. வேர்வீக்க நோய்க்கும் புளிப்பு மண்தான் சொர்க்கம். ஆகவே நடும் பாத்திக்கு மூன்று நாலு கிழமைக்கு முன்பே டொலமைற் தூவி மண்ணோடு கொத்திவிடுங்கள். அடுப்புச் சாம்பலையும் வீசாமல் சேர்த்து வையுங்கள். நாற்று மேடைக்கு நன்றாக மக்கிய மாட்டெரு மட்டும் போடுங்கள். பச்சைச் சாணம் போட்டால் புழுதான் வரும்.

மேடை மண்ணை நனைத்து, காய்ந்த மானாப்புல்லை அரை அடிக்குப் பரப்பிக் கொளுத்தினால் மேல்மண்ணில் உள்ள நோயும் களை விதையும் குறையும். காற்றில்லாத காலையில், லயத்துக்குத் தள்ளி, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இது காய்ச்சல் காலம், மலை தீப்பிடிக்கும்.

4. விதைப்பும் காவலும்

நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்து, கால் அங்குல ஆழத்தில் ஐதாக விதையுங்கள். நெருக்கிப் போட்டால் அடியழுகல் வந்து ஒரே இராத்திரியில் நாற்று சாய்ந்துவிடும். மேலே காய்ந்த புல் மூடி, முளை தெரிந்த அன்றைக்கே புல்லை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் நாற்று நூல் போல இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் காலையில் மட்டும். வேலை விட்டு வந்து மாலையில் ஊற்றுவதுதான் நம் பழக்கம். ஆனால் இரவு ஈரமும் குளிரும் சேர்ந்தால் அழுகல்தான். பிரட்டுக்குப் போகுமுன் ஒரு வாளி ஊற்றுங்கள். வானம் தெளிந்த இரவில் பனி விழும். நாலு குச்சி ஊன்றி அதன் மேல் சாக்கைப் போட்டு, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். இடமில்லாத வீட்டில் அடியில் ஓட்டை போட்ட யோகட் கப், பால்மா பை போதும்.

நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன் தண்ணீரைக் குறைத்து, முழு வெயிலில் விட்டுப் பழக்குங்கள். செல்லமாக வளர்ந்த நாற்று நட்டதும் படுத்துவிடும். மாலையில் நடுங்கள்.

5. எவ்வளவு நிலம் வேண்டும்?

"எங்களுக்கு ஏது காணி?" என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. காணி உரிமைக்கான குரல் ஓயவும் கூடாது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஒன்றரை அடிக்கு ஒன்றாக 24 கோவாவுக்கு 54 சதுர அடி. அரை அடிக்கு ஒன்றாக 100 லீக்ஸுக்கு 25. பத்துத் தக்காளிக்கு 42. மொத்தம் 121, நடைபாதை நீங்கலாக அரைப் பேர்ச்சுக்குள் அடக்கம். உயர்ந்த மலையில் தக்காளிக்கு மழையில் கருகல் வரும். கூரை ஓரத்தில் நனையாமல் வையுங்கள்.

2021ல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோதும், 2022ல் சாமான் விலை ஏறி ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தபோதும், வாசலில் நாலு செடி இருந்த வீட்டில் பிள்ளைகளின் தட்டில் ஒரு கறியாவது இருந்தது. அதை நாம் மறக்கக்கூடாது.

இந்தக் கிழமை வேலை: 20 விதையை எண்ணித் துணியில் சுருட்டுங்கள். பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லுங்கள். எத்தனை முளைத்தது என்று அடுத்த கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லுங்கள். மிஞ்சும் நாற்றைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுங்கள். ஆனால் நோய் கண்ட மேடையின் நாற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். நாங்கள் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாம்.