வாசல் நித்தியகல்யாணியும் மார்பகப் புற்றும்

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுக்குக் கீமோ நடக்கிறது. வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் கட்டி கரையும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, செம்பாக்கம்

பதில்: கொடுக்கக் கூடாது. ஆனால் அந்தச் செடிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு கட்டுக்கதை அல்ல.

நித்தியகல்யாணி மடகாஸ்கர் செடி. சுடுகாட்டு மல்லி என்ற பெயரோடு தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளின் ஆய்வுக்கூடம் அதைச் சர்க்கரை நோய்க்காகவே சோதித்தது. எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. தொற்று கண்டு எலிகள் செத்தன. அந்த நஞ்சே துப்பாயிற்று. வேகமாகப் பெருகும் வெள்ளை அணுவை முடக்குவது, அதே வேகத்தில் பெருகும் புற்றணுவையும் முடக்கும் அல்லவா? அதே ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் பீர் அந்த நஞ்சைப் பிரித்தெடுக்க, 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அதன் வழிவந்த வினோரெல்பின், முற்றிய மார்பகப் புற்றுக்கு இன்றும் தரப்படுகிறது.

மார்பகப் புற்றில் இதைவிடப் பரவலானது பாக்லிடாக்சல். அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்தது. மார்பகப் புற்றுக்கு அங்கே 1994இல் அனுமதி பெற்றது. அணு இரண்டாகப் பிரிய உள்ளே நுண்குழல்கள் கட்டப்பட வேண்டும், வேலை முடிந்ததும் கலைய வேண்டும். நித்தியகல்யாணி மருந்து கட்டவிடாது. யூ மருந்து கலையவிடாது. இரண்டிலும் அணு பாதியில் நின்று சாகிறது.

கஷாயம் வேறு கதை. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை தேவை. கைப்பிடி இலையில் மருந்து தூசளவுதான். கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இறங்கும். மருத்துவமனையிலோ உயரம், எடை பார்த்து மில்லிகிராம் கணக்கில் நரம்பில் ஏற்றுகிறார்கள். வெளியே கசிந்தால் அந்த இடமே புண்ணாகிவிடும்.

மற்ற நாட்டு மருந்துகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மஞ்சளின் குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுவைக் கொல்கிறது. விழுங்கினால் இரத்தத்தில் சேர்வது சொற்பம். சித்த மருத்துவத்தின் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டாலே தோல் கொப்பளிக்கும். பக்கத்திலேயே, தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருந்து வேண்டுமென்றால் கீமோ சீட்டோடு அங்கே போய்க் கேட்கலாம், அங்கே தருவதைப் புற்றுநோய் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

கஷாயத்தை ஏற்கெனவே ஓரிரு நாள் கொடுத்திருந்தால், அடுத்த கீமோவுக்கு முன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையின்போது மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெள்ளை அணு குறைந்தாலும் வாந்தி வந்தாலும், காரணம் கீமோவா கஷாயமா என்று மருத்துவரால் வேறு எப்படியும் பிரித்தறிய முடியாது.